பச்சை ஒட்டிய பதினான்கு வீடுகள்

டிசம்பர் 18

காலை ஆறு பத்துக்குப் பூமி ஆடியது. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தலைசுற்றல் என்று நினைத்து வாளியைப் பிடித்தேன். வாளியும் ஆடியது. என் மனைவி மாரிக்கண்ணு "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்திக்கொண்டே என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டாள். முப்பத்தோரு வருடம் இந்தத் தீவின் ஜெட்டியில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். இந்தத் தெருவில் ஒருவரும் இந்த இருளப்பனைச் சட்டையில்லாமல் பார்த்ததில்லை. இன்று துண்டோடு நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

டிசம்பர் 19

எங்கள் ஜெட்டி லைனில் பதினான்கு வீடுகள். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். உயிர்ச்சேதம் இல்லை. எதிர்வீட்டுக் காசிராணியின் அடுப்படிச் சுவரில் மூலைக்கு மூலை விரிசல். அவள் இட்லிக்கடை நடப்பதே அந்த அடுப்படியை நம்பித்தான். எங்கள் கூடத்தில் ஜன்னலிலிருந்து தரை வரைக்கும் ஒன்று. என் சுண்டுவிரல் நுழைகிறது. பின்தெரு பெங்காலிக் காலனியிலும் இதே கதைதான். மண்டல் வீட்டுக் கழிப்பறை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

போர்ட் பிளேரிலிருந்து சுகந்தி போன் செய்தாள். அவளுக்கு இப்போது நான்கு மாதம். தலைப்பிரசவம், இங்கேதான் வரவேண்டும்.

"அப்பா, வீடு எப்படி இருக்கு?"

"கல்லாட்டம் இருக்கும்மா" என்றேன். பிள்ளைத்தாய்ச்சியிடம் வேறென்ன சொல்வது?

டிசம்பர் 27

பஞ்சாயத்தில் கூட்டம். வீடுகளைப் பார்க்க அதிகாரிகள் வருவார்களாம். அவர்களோடு தெருவுக்கு ஒரு மக்கள் பிரதிநிதி கூடவே நடக்கவேண்டுமாம். ஜெட்டி லைன் என்றதும் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நானாகக் கேட்கவில்லை. மனு எழுதத் தெரிந்தவன், நாலு ஆபீஸ் ஏறியவன், வேறு யாரைச் சொல்வார்கள்?

மாரிக்கண்ணு மட்டும், "பதவி வந்திருச்சா, இனி வீட்டுல தண்ணி யாரு பிடிக்கிறது?" என்றாள்.

ஜனவரி 8

தை பிறக்க ஒரு வாரம்தான். இந்த வருடம் வெள்ளையடிக்க வேண்டாம் என்கிறாள் மாரிக்கண்ணு. விரிசல் விட்ட சுவருக்குச் சுண்ணாம்பு எதற்கு என்பது அவள் கட்சி. பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு இழவு வீடு மாதிரி இருக்கும் என்பது என் கட்சி.

"அதிகாரிங்க வேற வர்றாங்க. தெரு லட்சணமா இருக்க வேண்டாமா? இவங்க பரதேசிங்கன்னு நினைச்சிரக் கூடாது பாரு."

"நினைச்சாத்தான் என்ன?" என்றாள். இவளோடு பேசிப் பயனில்லை.

பஜாரிலிருந்து மூன்று மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு மூட்டை சிமென்டும் இறக்கினேன். என் சொந்தச் செலவு. பிரதிநிதி என்றால் சும்மாவா?

ஜனவரி 11

தெருவே வேலை செய்தது. விரிசலுக்குச் சிமென்ட் குழைத்து அப்பி, மேலே இரண்டு கை சுண்ணாம்பு. காசிராணி ஒண்டிக்கட்டை, அவள் அடுப்படியை நானே பூசிக் கொடுத்தேன்.

"அண்ணே, உள்ள குச்சிய விட்டா அந்தப் பக்கம் வருது. மேலாப்புல பூசினாப் போதுமா?" என்றாள்.

"இப்போதைக்கு மூடி வை தாயி. பொங்கல் கழியட்டும், பாத்துக்கலாம்."

சாயங்காலம் ஜெட்டியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். பதினான்கு வீடும் பளிச்சென்று நின்றன. இங்கே பூகம்பம் வந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

ஜனவரி 15

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது, வடக்குப் பக்கம் வழிந்தது. மண்டல் வீட்டிலிருந்து அரிசிமாவும் வெல்லமும் வைத்த அவர்களுடைய பலகாரம் வந்தது. பதிலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன். அவர்கள் வீடுகள் விழுந்தது விழுந்தபடியே கிடக்கின்றன. ஒரு மாதமாகிறது, ஒரு கைச் சிமென்ட் வைக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

ஜனவரி 17

கணக்கெடுப்பு முடிந்தது. அதிகாரி வெயிலில் வந்திருந்தார், பாவம். இளநீர் வெட்டச் சொன்னேன். வீட்டுக்கு ஆறு நிமிடம். என் கடிகாரத்தில் பார்த்தேன். சுவரைத் தட்டக்கூட இல்லை, வாசலில் நின்றே எழுதினார்.

"உங்க தெரு நல்லா இருக்கே?" என்றார்.

"நாங்க யாரையும் எதிர்பாக்கிறதில்ல சார். எங்க வேலைய நாங்களே பாத்துக்குவோம்" என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியில் பதினான்கு தாள்களை நீட்டினார். மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்தது. படகுக்கு நேரமாகிறது என்றார். போட்டேன். கையெழுத்து எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி விழுந்தது.

வீட்டுக்கு வீடு கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். எங்களுக்கு எல்லாமே பச்சை. காலனிக்கு முழுக்கச் சிவப்பு. சிவப்பு ஒட்டிய கதவுகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மண்டலைத் தோளில் தட்டி, "கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னேன்.

பிப்ரவரி 21

பட்டியல் வந்துவிட்டது.

சிவப்புக்குப் புது வீடு. கம்பி போட்ட, பூகம்பம் தாங்கும் வீடு. அதுவரைக்கும் இருக்கத் தகரக் கொட்டகை. மஞ்சளுக்குச் சுவர் மாற்றித் தருவார்கள். பச்சைக்கு? "பாதுகாப்பானது. நடவடிக்கை தேவையில்லை."

மூன்று முறை படித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே பூகம்பம். ஒரே மண். இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான் இருக்கிறது. பூமி சாக்கடை பார்த்தா ஆடியது?

பிப்ரவரி 23

தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காலனிக்காரர்கள் யாரையோ பிடித்திருக்கிறார்கள் என்கிறது ஒரு கட்சி. தமிழன் என்றால் இளக்காரம் என்கிறது இன்னொரு கட்சி. காலையில் முதல் கட்சி சரியென்று படுகிறது, மத்தியானம் இரண்டாவது. இரண்டையும் சேர்த்து ஒரு மனு எழுதினேன். ஆறு பக்கம். மண்டலின் பெயரையும் ஒரு இடத்தில் குறிப்பிட வேண்டியதாயிற்று.

மார்ச் 2

மனுவுக்குப் பதில் இல்லை. வாழைக்கு மண் அணைத்தேன்.

மார்ச் 6

படகுத்துறையில் மண்டலைப் பார்த்தேன். டிக்கெட் கொடுப்பவர் அவர்தான். மனதிலிருப்பதைக் கேட்டே விட்டேன்: "உங்க தெருவுக்கு மட்டும் சிவப்பு எப்படிக் கிடைச்சுது?"

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "அண்ணா, எங்க வீடு உடைஞ்சுது. உடைஞ்சது உடைஞ்ச மாதிரியே வச்சோம். ஆபீசர் பாத்தாரு. நீங்க எதுக்கு அண்ணா வெள்ளை அடிச்சீங்க?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறார். உள்ளே ஏதோ இருக்கிறது. இல்லையென்றால் ஏன் பேச்சை மாற்றவேண்டும்?

மார்ச் 7

இனி சுற்றி வளைப்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஒரே கேள்விதான்: ஜெட்டி லைன் பதினான்கு வீடுகளுக்குப் பச்சை ஒட்டக் காரணமானவர் பெயர் என்ன? ஆவணங்களின் நகலும் வேண்டும்.

அரசாங்கம் என்றால் முகமில்லாத ஒன்று என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன். எனக்குப் பெயர் வேண்டும். மக்கள் வீட்டில் விளையாடியவன் மக்கள் முன்னால் நின்று பதில் சொல்லவேண்டும். இதைத் தெருக் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள். மாரிக்கண்ணு தட்டவில்லை. கையில் முறம் வைத்திருந்தாள்.

மார்ச் 19

இன்று புளிக்குழம்பு. சாப்பிடும்போது மாரிக்கண்ணு கேட்டாள்: "ஏங்க, அன்னைக்கு அந்த ஆபீசர் காசிராணி சுவத்தப் பாத்தாருல்ல, அதுல விரிசலு தெரிஞ்சுதா?"

"எப்படித் தெரியும்? நாமதான் பூசியாச்சே."

"ம்" என்றாள். அப்புறம் மோர் ஊற்றினாள்.

எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை. மோரில் உப்பு அதிகம்.

ஏப்ரல் 3

காலை பத்தரைக்கு இன்னொரு ஆட்டம். சின்னதுதான். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர்கூட விழவில்லை.

காசிராணியின் அடுப்படிச் சுவர் விழுந்துவிட்டது.

அவள் குழாயடிக்குப் போயிருந்தாள். ஐந்து நிமிடம் முன்னால் அடுப்படிக்குத் திரும்பியிருந்தால் அவள் இல்லை. இட்லிக் கொப்பரை நசுங்கிக் கிடந்தது.

ஏப்ரல் 4

காசிராணி வீட்டுக் கல்லை அள்ள எல்லோரும் போனோம். ஒரு துண்டு சுவர் உடையாமல் கிடந்தது. அதைப் புரட்டினேன். உள்ளே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. மேலே நகத்தின் கனத்துக்குச் சிமென்ட். அதில் நாலு விரல் தடம். கரண்டி போதாமல் கையால் வழித்த இடம்.

முதுகு வலிக்கிறது. சீக்கிரம் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 16

தபால் வந்தது.

ஏப்ரல் 17

முருங்கையில் கம்பளிப்பூச்சி. அடுப்புச் சாம்பல் தூவினேன். யாரோ தபாலைப் பற்றிக் கேட்டார்கள். இன்னும் வரவில்லை என்று சொன்னேன்.

ஏப்ரல் 18

மறுபடியும் சாம்பல்.

ஏப்ரல் 20

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை நான் தவிர யாரும் படிக்கப்போவதில்லை.

பதினான்கு தாள். ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: "சுவர்கள் அண்மையில் பூசி வெள்ளையடிக்கப்பட்டுள்ளன. விரிசல் காணப்படவில்லை. கட்டடம் நல்ல நிலையில் உள்ளது என்றும், உதவி எதிர்பார்க்கவில்லை என்றும் மக்கள் பிரதிநிதி தெரிவித்தார்." அதற்குக் கீழே கையெழுத்து. எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறது.

பெயர் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லையே. தெரு கௌரவமாக இருக்கவேண்டும் என்று நினைத்தது குற்றமா? ஆறு நிமிடத்தில் ஒரு வீட்டைப் பார்த்தது அவர். சுவரைத் தட்டாதது அவர். பச்சை என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லாதது அவர். இதையெல்லாம் எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. தாளைப் பார்த்தால் என் கையெழுத்துதான் இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்? தலை குழம்புகிறது.

ஏப்ரல் 21

மாரிக்கண்ணுவிடம் தாள்களைக் காட்டினேன். அவளுக்கு இந்தி படிக்கத் தெரியாது. கையெழுத்தை மட்டும் பார்த்தாள்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"சொவத்துல வெள்ளையடிச்சா விரிசலு தெரியாதுன்னு தெரியும். வேறென்ன தெரியணும்?"

"ஏன் சொல்லல?"

"ஜனவரி மாசமே சொன்னேனே. நீங்க என் கட்சி ஒங்க கட்சின்னு பேசிக்கிட்டிருந்தீங்க."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மே 2

சுகந்தி வந்துவிட்டாள். வயிற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. கூடத்தில் பாய் விரித்து அந்தச் சுவரோரமாகப் படுத்தாள். அங்கேதான் காற்று வரும். நான் ஜன்னலுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பின் மேலேயே மெல்லிய கோடு ஓடுகிறது. போன மாதம் அது இல்லை.

"அங்க படுக்காதம்மா."

"ஏம்ப்பா? கல்லாட்டம் இருக்குன்னீங்களே?"

மே 3

மண்டல் வந்தார். அவர் குடும்பம் அரசாங்கத் தகரக் கொட்டகையில் இருக்கிறது. பாதி இடம் காலியாம். "பொண்ணை அங்க அனுப்புங்க அண்ணா. தகரம் தலையில விழுந்தா வீங்கும். சுவர் விழுந்தா..."

சுகந்தியையும் மாரிக்கண்ணுவையும் அங்கே கொண்டுபோய் விட்டேன். என் மனுவில் அவர் பெயர் இருப்பது அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. தெரிந்துதான் வந்தாரோ என்றும் தோன்றுகிறது. கேட்க வாய் வரவில்லை. அவர் வீட்டு டீயை முழுக்கக் குடித்தேன்.

மே 8

நாளை பஞ்சாயத்து மண்டபத்தில் பொது விசாரணை. என்னுடைய மனுத் தொல்லை தாங்காமல்தான் வைத்திருக்கிறார்கள். ஜெட்டி லைன் முழுக்க வருகிறது. பெயரைக் கேட்க வருகிறார்கள்.

பஞ்சாயத்து குமாஸ்தாவிடம் நைசாகக் கேட்டேன். மறு ஆய்வு வேண்டுமென்றால் பிரதிநிதி தன் பழைய கூற்று தவறு என்று எழுதிக் கொடுக்கவேண்டுமாம். இல்லையென்றால் பச்சை பச்சைதான். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். யோசித்ததையும் எழுதி வைக்கிறேன்.

மே 9

பெரிய விசாரணை அதிகாரி வந்திருந்தார். ஜனவரியில் வந்த அதிகாரியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காசிராணி முதல் வரிசையில் இருந்தாள். என்னை எழுந்து பேசச் சொன்னார்கள். ஆறு பக்கம் தயார் செய்திருந்தேன். முதல் பக்கத்தில் இரண்டாவது வரி, "இதற்குக் காரணமானவர் பெயர் எங்களுக்குத் தெரியவேண்டும்." அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. தாளை மடித்தேன்.

"பேரு கேட்டு எழுதுனேன். பேரு வந்திருச்சு. என் பேருதான்" என்றேன்.

மண்டபத்தில் யாருக்கும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பு, சிமென்ட், இளநீர், கண்ணாடி போடாமல் போட்ட கையெழுத்து, ஏப்ரல் பதினாறாம் தேதி வந்த தபாலை மறைத்தது. காலனியைப் பற்றி எழுதியது பொய், அதை வாபஸ் வாங்குகிறேன் என்றும் சொன்னேன். மண்டல் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியானால் அவருக்குத் தெரியும்.

பின்வரிசையிலிருந்து யாரோ, "அடப்பாவி மனுசா" என்றார்கள். காசிராணி என்னையே பார்த்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

விசாரணை அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆக, தவறு பொதுமக்கள் தரப்பில்தான். அப்படியே பதிவு செய்துகொள்ளலாம்" என்றார். ஜனவரி அதிகாரி பேனாவை மூடினார். அதைப் பார்த்ததும் நான் மேசைக்குப் பக்கத்தில் போனேன்.

"இருங்க சார். படிக்காம கையெழுத்துப் போட்டவன் நான். ஆறு நிமிசத்துல ஒரு வீட்டப் பாத்தவரு யாரு? புதுசா வெள்ளையடிச்சிருக்குன்னு ஒங்க தாள்லயே எழுதியிருக்கு. பூகம்பம் வந்த ஊருல புதுச் சுண்ணாம்பப் பாத்தும் சுவத்தத் தட்டாதவரு யாரு? என் பேர நான் சொல்லிட்டேன். ஒங்க பேர நீங்க சொல்லுங்க."

ஜனவரி அதிகாரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை அதிகாரி மறு ஆய்வு என்று எழுதினார். பெயர் எழுதினாரா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் விண்ணப்பம் போட்டுத்தான் கேட்கவேண்டும்.

மே 10

தெருவில் யாரும் பேசவில்லை.

மே 14

யாரும் பேசவில்லை. நானே தண்ணீர் பிடித்தேன்.

மே 27

பேத்தி பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மண்டலின் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். தகரத்தில் மழை பெய்தால் காது கிழிகிறது. குழந்தை தூங்குகிறது.

ஜூன் 9

நோட்டீஸ் வந்தது. பன்னிரண்டாம் தேதி மறு ஆய்வு. அதற்குள் விரிசல்கள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கவேண்டும்.

ஜூன் 11

தெருவே சுரண்டியது. கொத்துக்கரண்டி, அரிவாள், பழைய சாவி, கையில் கிடைத்ததெல்லாம். காசிராணி மிச்சமிருக்கும் சுவரைத் தோசைக்கரண்டியால் சுரண்டினாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்று சுரண்ட ஆரம்பித்தேன். அவள் போகச் சொல்லவில்லை. பேசவும் இல்லை. எல்லோர் தலையிலும் வெள்ளை. சாயங்காலம் ஜெட்டியிலிருந்து பார்த்தேன். பதினான்கு வீடும் உள்ளதை உள்ளபடி காட்டிக்கொண்டு நின்றன. எங்கள் கூடத்து விரிசலில் இப்போது இரண்டு விரல் நுழைகிறது.

ஜூன் 12

புது அதிகாரி. சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார். வீட்டுக்கு அரைமணி. எந்த நிறம் என்று இப்போது சொல்லமாட்டாராம், மேலே அனுப்பித்தான் தெரியுமாம். எல்லாம் முடிந்ததும் தாள்களை எடுத்து, "இந்தத் தெருவுக்குப் பிரதிநிதி யாரு?" என்றார்.

நான் மெதுவாகப் பின்னால் நகர்ந்தேன்.

"அவருகிட்டயே குடுங்க" என்றாள் காசிராணி. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறேன். "இந்தத் தடவ படிச்சுப் பாத்துத்தான் போடுவாரு."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் போடுங்க. நாலு மணிக்குப் படகு."

"பதினாலு தாளு இருக்கு சார். படகு நாளைக்கும் வரும்" என்றேன்.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். காலி. நிமிர்ந்தபோது மாரிக்கண்ணு என் கண்ணாடியோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.